அறுபது படி, ஒரு பயிற்சி

சுவாமிமலை முருகன் கோயிலில் 60 படிகள். பிரபவ முதல் அட்சய வரை, படிக்கு ஒரு தமிழ் ஆண்டின் பெயர். பட்டியலாகப் படித்தால் ஓடிவிடும் பெயர்கள், படியோடு சேர்ந்தால் மனசில் ஒட்டிக்கொள்ளும்.

'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' உள்ளவர்களுக்கான ஞாபகப் பயிற்சியும் ஏறக்குறைய இப்படித்தான். உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையை அரிக்கும் நோய் இது. சுமார் பாதிப் பேருக்கு ஞாபகம், கவனம் தடுமாறும். கை கால் நன்றாக இருந்துவிட்டால், 'சொன்னதைக் காதில் வாங்குவதே இல்லை' என்ற திட்டுதான் மிச்சம். பாவம், பலருக்கும் சிக்கல் மனசில் பதிவதிலேயே இருக்கிறது.

அமெரிக்காவின் கெஸ்லர் ஆய்வு மையம் 86 பேரை வைத்துச் செய்த சோதனை 2013-ல் வெளியானது. வாரம் 2 முறை, 5 வாரம் பயிற்சி. வார்த்தைகளைக் காட்சியாக்கி, கதையாகக் கோக்கப் பழகியவர்களுக்குப் புதியதைக் கற்பது சுலபமானது. பருப்பு, சோப்பு, குடை வாங்க வேண்டுமா? குடை பிடித்த சோப்பு பருப்பில் வழுக்கி விழட்டும்! நரம்பியல் டாக்டரிடம் போகும்போது மறதியையும் சொல்லுங்கள். பெரும்பாலும் கை கால் பேச்சோடு அது விட்டுப்போகிறது.