நுனியைக் கிள்ளினால் செடி குள்ளமாகுமா?

அறைக்குள் விளக்கொளியிலோ பால்கனியின் ஒரு மூலையிலோ செடி வளர்ப்போருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் அறிவுரை, செடி உயர்ந்தால் நுனியைக் கிள்ள வேண்டும், அதற்கும் அடங்காவிட்டால் தொட்டியைச் சிறிதாக்கித் தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்பதாகும். கத்தரிக்கோலும் பட்டினியும் போதும் என்னும் இக்கருத்து, உயரம் எதனால் ஆனது என்று கேட்காமலே விடை சொல்லிவிடுகிறது. தண்டில் இலை தோன்றும் இடம் கணு; இரு கணுக்களுக்கு நடுவிலுள்ள தண்டுப் பகுதி கணுவிடை. கணுக்கள் எத்தனை, கணுவிடைகள் எவ்வளவு நீளம் என்னும் இரண்டுமே தண்டின் உயரத்தைத் தீர்மானிக்கின்றன. இடம் குறைந்த வீட்டில் தொல்லை தருவது பெரும்பாலும் இரண்டாவதே.

நுனியைக் கிள்ளுவது கணுவிடையைக் குறுக்குவதில்லை. நுனி மொட்டில் உருவாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் கீழ்நோக்கி இறங்கிப் பக்க மொட்டுகளை உறங்க வைப்பதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர். நுனியை நீக்கிய அவரையினச் செடியில் வெட்டுவாயில் ஆக்சினை வைத்தால் பக்க மொட்டுகள் மீண்டும் அடங்கிவிடுகின்றன என்பதைக் கென்னத் திமானும் ஃபோக் ஸ்கூக்கும் 1930களிலேயே காட்டினர். அந்த ஆதிக்கம் நீங்கியதும் கீழுள்ள மொட்டுகள் விழித்துக்கொண்டு மேலே கிளம்புகின்றன. தண்டு ஒன்று இருந்த இடத்தில் மூன்று நான்கு தலைகள் போட்டியிட, செடி சில வாரங்கள் பின்தங்கினாலும் அகலத்தில் இடத்தை அடைத்துக்கொள்கிறது. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 செடிமுருங்கையை அறிந்த உழவருக்கு இது புதிதன்று: சுமார் 75 செ.மீ. உயரத்தில் அதன் நுனியைக் கிள்ளுவது கிளை பெருகுவதற்காகத்தான். கிள்ளிய பிறகும் அது ஆளுயரத்தைத் தாண்டியே நிற்கிறது.

பட்டினி பற்றிய வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. உயிரணு விரிவதற்கு உள்ளே நீரழுத்தம் தேவையாதலால், நீர் குறைந்தால் தண்டு குட்டையாவது மெய்யே. ஆனால் அதே அழுத்தத்தால் விரிய வேண்டிய இலையும் சிறுத்துப்போவதால், உணவு தயாரிக்கும் பரப்பு சுருங்கிப் பூவும் பிஞ்சும் உதிர்கின்றன. தக்காளியில் நீர் ஒழுங்கின்றிப் போனால் கால்சியம் காய்க்கு எட்டாமல் அதன் அடிப்பகுதி கறுத்து அழுகுகிறது. உயரத்தைக் குறைக்கக் காயையே விலையாகக் கொடுப்பதைப் பராமரிப்பு என்று அழைப்பது பொருந்தாது.

விளக்கை நெருக்கி வைத்தால் போதும் என்பாரும் உளர். மங்கிய ஒளியில் செடி வெளிறி நீள்வது உண்மையானாலும், ஒளியின் அளவைப் போலவே அதன் நிறமும் முக்கியமானது என்பது இவ்விடத்தில் மறக்கப்படுகிறது. இலை சிவப்பொளியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் சேய்மைச் சிவப்பை, அதாவது ஏறக்குறைய 730 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை, பெரும்பாலும் ஊடுருவவும் சிதறவும் விடுகிறது. இவ்விரண்டின் விகிதத்தை ஃபைட்டோகுரோம் என்னும் நிறமியால் அளந்தறியும் செடி, சேய்மைச் சிவப்பு மிகுந்தால் அண்டையில் போட்டியாளர் இருப்பதாகக் கொண்டு கணுவிடையை நீட்டுகிறது. ஊமத்தை இனத்தையும் கடுகு இனத்தையும் சேர்ந்த நாற்றுகளை ஆராய்ந்த கார்லோஸ் பலாரே குழுவினர், அண்டைச் செடியின் நிழல் தம்மீது விழுவதற்கு முன்பே, அதன் இலையில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டே நாற்றுகள் நீளத் தொடங்குகின்றன என 1990இல் வெளியிட்டனர். ஆகவே ஓர் அலமாரித் தட்டில் பத்துத் தொட்டிகளை ஒட்டி அடுக்கிவிட்டு, செடி ஏன் ஓடுகிறது என வியப்பவருக்குக் கத்தரியைவிட இரண்டு தொட்டிகளை அப்புறப்படுத்துவதே பயன் தரும்.

வெப்பநிலையை எவரும் பேசுவதில்லை என்பதுதான் இவ்வறிவுரைகளின் பெருங்குறை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராயல் ஹைன்ஸும் ஜான் எர்வினும் 1980களில் ஈஸ்டர் லில்லியை வைத்து நடத்திய ஆய்வுகளில், பகல் வெப்பநிலையிலிருந்து இரவு வெப்பநிலையைக் கழித்து வரும் வேறுபாடு பெருகப் பெருகத் தண்டு நீள்வதும், இரவைவிடப் பகல் குளிர்ந்திருந்தால் தண்டு குறுகுவதும் தெரியவந்தன. செடிக்குப் பகல் என்பது ஒளி கிடைக்கும் நேரமே. பகலில் வெக்கையும் இரவில் மட்டும் ஏசியும் உள்ள அறையில் விளக்கைப் பகலில் எரிப்பவர் அறியாமலே தண்டை நீட்டுகிறார். வெளியொளி புகாத அறையாயின், ஏசி ஓடும் இரவையே செடிக்குப் பகலாக்கிவிட இயலும். தொடுகையும் ஒரு கருவியே: தண்டை நாள்தோறும் மெல்ல வருடினால் அது குட்டையாகித் தடிப்பதை மார்க் ஜாஃபி 1973இல் விவரித்தார், ஒரு மின்விசிறியின் இளங்காற்றும் அவ்வேலையைச் செய்யும்.

வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் வேதிப்பொருள்களைத் தெளிக்கலாம் என்ற யோசனைக்கு, அவற்றுள் ஒன்றான டாமினோசைடு உணவுப் பயிர்களுக்கான விற்பனையிலிருந்து அமெரிக்காவில் 1989இல் திரும்பப் பெறப்பட்டது என்பதே போதிய மறுமொழி. அழகுச் செடிக்கு ஏற்றதெல்லாம் சமையலுக்குப் பறிக்கும் செடிக்கு ஏற்றதாகாது.

இவை அனைத்துக்கும் முந்தியது விதைத் தேர்வு. 1989இல் ஃபுளோரிடாவில் வெளியிடப்பட்ட மைக்ரோ டாம் என்னும் தக்காளி, பிராசினோஸ்டீராய்டு என்னும் வளர்ச்சிப் பொருளை ஆக்கும் மரபணுவில் நேர்ந்த மாற்றம் உள்ளிட்ட காரணங்களால், யாரும் கிள்ளாமலே ஒரு சாண் அளவில் நின்று காய்க்கிறது.