தோட்டா இல்லையா? ஈயக்குண்டு இருக்கே!

கம்பம் பள்ளத்தாக்கில் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு லைசென்ஸ் மட்டும் போதாது, தோட்டா வேண்டும். வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று லைசென்சிலேயே எழுதிவிடுகிறார்கள். கடையில் சரக்கு இல்லை என்றால் அந்தக் கணக்கும் காகிதத்தோடு சரி.

"பொழுதுபோக்குக்குச் சுடுறவன் என்னய்யா செய்வான்?"

எதைச் செய்தாலும், காலித் தோட்டாவில் மருந்து கெட்டித்துத் தரும் ஆசாமியைத் தேடிப் போக வேண்டாம். அனுமதி இல்லாமல் தோட்டா தயாரித்தால் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் பாயும். ஜெயில்தான்! வெடித்துக் கை போனால் அது தனி.

2008-ல் பீஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது எதில்? ஏர் ரைபிளில்! மருந்தே கிடையாது. காற்றழுத்தம், 4.5 மில்லி மீட்டர் ஈயக்குண்டு, 10 மீட்டர் தூரம். அவ்வளவுதான். குண்டே இல்லாமல் குறி பார்த்து விசையை அழுத்திப் பழகுவது பெரிய வீரர்களும் செய்கிற காரியம்.

அதற்காக ஏர் ரைபிளைத் தூக்கிக்கொண்டு மேகமலைப் பக்கம் போய்விடக் கூடாது. 2021 முதல் அது புலிகள் காப்பகம். முயலைச் சுட்டாலும் கேஸ்தான்.

10 மீட்டருக்கு ஒரு பழைய ஹால் போதும். போடியிலோ உத்தமபாளையத்திலோ அதிகாரிகள் ஒன்றை ஒதுக்கித் தரட்டுமே!