கடன் வாங்கிய உலகத்தின் எழுத்தாளர்

டெரன்ஸ் டிக்ஸ் 2019 ஆகஸ்டில், தம் 84-ஆவது வயதில் மறைந்தார். 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொடரின் கதைகளை 60-க்கும் மேற்பட்ட நாவல்களாக எழுதியவர் அவர். அந்த நாவல்களின் தரம் பற்றி ரசிகர்களிடையே பல பத்தாண்டுகளாக நடந்துவரும் வழக்கு அவர் மறைவோடு முடியவில்லை. திரைக்கதையை எடுத்து 'என்றான்', 'என்றாள்' சேர்த்து அச்சுக்குக் கொடுத்த கூலி எழுத்தாளர் என்கிறது ஒரு தரப்பு. ஒரு தலைமுறையையே வாசகர்களாக்கிய ஆசான் என்கிறது மறுதரப்பு. இருவரும் அதே புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாதாடுகிறார்கள். இந்த வழக்கைத் தள்ளி நின்று பார்த்தால், தீர்ப்பு ஏன் அடிக்கடி மாறியது என்பது விளங்கும்.

'டாக்டர் ஹூ' 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கியது. ஒளிபரப்பைப் பதிவு செய்து வைக்க அன்று வீடுகளில் கருவி இல்லை. மறு ஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தங்கள் வரம்பு கட்டியிருந்தன. நாடாவின் விலையோ அதிகம். எனவே பிபிசி பழைய நாடாக்களை அழித்து, அவற்றிலேயே புது நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தது. 1970-களின் பிற்பகுதிவரை இப்படி அழித்ததன் விளைவாக, 1960-களின் அத்தியாயங்களில் 90-க்கும் மேற்பட்டவை இன்றும் கிடைக்கவில்லை. சனிக்கிழமை மாலை ஓர் அத்தியாயத்தைத் தவறவிட்ட சிறுவனுக்கு அது போனது போனதுதான்.

இந்த வெற்றிடத்தில்தான் 1973-இல் டார்கெட் பதிப்பகம் நுழைந்தது. 1960-களில் வந்திருந்த மூன்று 'டாக்டர் ஹூ' நாவல்களை அது முதலில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. அவை விற்றதும் புதியவை தேவைப்பட்டன. அப்போது தொடரின் கதைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் டிக்ஸ். எழுதுவதற்கு அவரே முன்வந்தார். கேம்பிரிட்ஜின் டவுனிங் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதிப் பழகிய கை அது. முதல் நாவல் 'டாக்டர் ஹூ அண்ட் தி ஆட்டன் இன்வேஷன்' 1974 ஜனவரியில் வந்தது.

அந்த முதல் புத்தகத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ராபர்ட் ஹோம்ஸ் எழுதி 1970-இல் ஒளிபரப்பான கதையின் நாவல் வடிவம் அது. தொலைக்காட்சிக் கதையின் தொடக்கத்தில், தொடரின் நாயகனான டாக்டர் உருமாறி, பூமியில் வந்து விழுவார். ஏன் என்பது முந்தைய ஆண்டின் கடைசி அத்தியாயத்தைப் பார்த்தவர்களுக்கே புரியும். அதில் டாக்டர் மீது நடந்த விசாரணையையும் அவருக்குக் கிடைத்த நாடுகடத்தல் தண்டனையையும் டிக்ஸ் முன்கதையாக எழுதிச் சேர்த்தார். புதிதாக வரும் வாசகன் வாசலிலேயே தடுமாறக் கூடாது என்ற அக்கறை அது. கதையின் உச்சத்தில் கடைகளின் காட்சிப் பொம்மைகள் உயிர்பெற்று, தெருவில் இறங்கி மக்களைச் சுடும். படப்பிடிப்பில் கண்ணாடியை உடைக்க வசதியில்லாததால் நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்கும். புத்தகத்தில் கண்ணாடி உண்மையாகவே சிதறுகிறது. திரையில் ரப்பர் கைகளாகத் தெரிந்த வேற்றுலக உயிரி, பக்கத்தில் பேருருவம் கொள்கிறது. தொலைக்காட்சி காட்ட நினைத்து முடியாமல் போனதை எழுத்து நிறைவேற்றியது.

1977-இல் வந்த 'டாக்டர் ஹூ அண்ட் தி டேலெக் இன்வேஷன் ஆஃப் எர்த்' இன்னொரு சான்று. 1964-இல் ஒளிபரப்பான மூலக் கதை, தலையில் பூட்டப்பட்ட கருவியால் அடிமையாக்கப்பட்ட ஒருவன் தேம்ஸ் ஆற்றில் இறங்கி உயிரை விடும் காட்சியோடு தொடங்கும். வசனமே இல்லாத இந்தக் காட்சியைத் திறக்கும்போது டிக்ஸ், பாழான நகரத்தையும் பாழான மனிதனையும் ஒரே குறுகிய வாக்கியத்தில் கட்டிப்போடுகிறார். அலங்காரச் சொல் ஒன்றுகூட இல்லை. பத்து வயதுக் குழந்தைக்கும் புரியும், நடுங்கவும் செய்யும். இப்படிப்பட்ட எளிமை திறமைக் குறைவால் வருவதல்ல. எதை விட வேண்டும் என்று தெரிந்தவனுக்கே கைகூடுவது.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். 1970-களின் பிற்பாதியில் டிக்ஸ் ஆண்டுக்கு அரை டஜனுக்கும் மேல் எழுதித் தள்ளினார். அந்தக் காலத்துப் புத்தகங்களில் பல, திரைக்கதையின் வரிசையைக் கோடு பிசகாமல் பின்பற்றுகின்றன. டாக்டரின் கால இயந்திரமான டார்டிஸ் கிளம்பும் ஒலிக்கு எப்போதும் அதே இரண்டு அடைமொழிகள். மூன்றாம் டாக்டரின் இளமையும் முதுமையும் கலந்த முகத்துக்கு எப்போதும் அதே வர்ணனை. அதே பதிப்பகத்துக்கு எழுதிய மற்றவர்கள் வேறு உயரங்களைத் தொட்டார்கள். டிக்ஸுக்கு எழுத்துத் தொழிலில் வழிகாட்டிய மால்கம் ஹல்க், 1974-இல் தம் 'கேவ் மான்ஸ்டர்ஸ்' நாவலை ஊர்வன இனத்தின் பார்வையிலிருந்து தொடங்கி, பூமி யாருடையது என்ற கேள்வியை முதல் பக்கங்களிலேயே வைத்தார். தொடரில் நடித்த இயன் மார்ட்டர் இருண்ட, முரட்டு நடையில் எழுதினார். 1990-இல் பென் ஆரனோவிச் தம் கதையையே நாவலாக்கியபோது, பாத்திரங்களின் அகம் திரையில் இருந்ததைவிடப் பல மடங்கு விரிந்தது. இவர்களோடு ஒப்பிட்டு டிக்ஸ் ஒல்லியானவர் என்று ரசிகர்கள் சொன்னது அவதூறு அல்ல. அந்தப் புத்தகங்களைப் பொறுத்தவரை அது உண்மை.

ஆனால் அந்தக் குற்றச்சாட்டு எப்போது வலுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1983-இல் 'டாக்டர் ஹூ' கதைகள் வீடியோ கேசட்டாக விற்பனைக்கு வரத் தொடங்கின. கதையைத் திரும்பப் பார்க்க முடியும் என்றானதும், கதையை அப்படியே சொல்லும் புத்தகத்தின் அவசியம் குறைந்தது. திரையில் இல்லாத ஒன்றைத் தராத புத்தகம் எதற்கு என்று வாசகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பத்து ஆண்டுகளுக்கு முன் அதைக் கேட்க யாருக்கும் தோன்றியிருக்காது. டிக்ஸின் நடை மாறவில்லை. புத்தகத்திடம் வாசகர் எதிர்பார்த்த வேலை மாறிவிட்டது.

2013-இல் காற்று மறுபடி திசை மாறியது. நைஜீரியாவின் ஜோஸ் நகரில், 1968-இல் ஒளிபரப்பான 'தி வெப் ஆஃப் ஃபியர்' கதையின் அத்தியாயங்கள் பெரும்பாலும் கண்டெடுக்கப்பட்டன. லண்டன் சுரங்க ரயில் பாதைகளில் எட்டி அரக்கர்கள் உலவும் இந்தக் கதையை, அதுவரை பெரும்பாலான ரசிகர்கள் 1976-இல் வந்த டிக்ஸின் நாவல் வழியாகவே அறிந்திருந்தார்கள். பின்னாளில் தொடரின் தூணாகிப்போன ராணுவ அதிகாரி லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட்டை டாக்டர் முதன்முதலாகச் சந்திப்பது இக்கதையில்தான். அந்தச் சந்திப்புக்கு டிக்ஸ் தம் நாவலில் தனி இடம் கொடுத்து, நீண்ட நட்பின் தொடக்கம் இது என்று வாசகனுக்கு உணர்த்தியிருந்தார். தொடரின் வரலாற்றை முழுதாகத் தலையில் வைத்திருந்த ஒருவரால்தான் அதைச் செய்ய முடியும். அந்தக் கதையை இத்தனை ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தது எது என்ற கேள்வி எழுந்தபோது, பதிலாக நின்றது அந்தச் சிறு நாவல்.

டிக்ஸிடம் தொழில் பெருமிதம் இல்லாமலும் இல்லை. 'தி பிரெய்ன் ஆஃப் மார்பியஸ்' கதையை அவர் எழுதிக் கொடுத்தபின் ராபர்ட் ஹோம்ஸ் பெரிதும் மாற்றியபோது, தம் பெயரை நீக்கச் சொன்னார். சப்பென்ற புனைபெயர் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்ல, 'ராபின் பிளாண்ட்' என்ற பெயரில் 1976-இல் அது ஒளிபரப்பானது. மறு ஆண்டே, ஹோம்ஸ் மாற்றிய அதே வடிவத்தை அவர் தம் சொந்தப் பெயரில் நாவலாக்கினார். மக்கள் பார்த்த கதையே புத்தகத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தம் மனத்தாங்கலுக்கு மேலாக வைத்தார். தொடரை ஒட்டி எழுதுபவரின் ஒழுக்கம் என்று ஒன்று உண்டென்றால், அது இதுதான்.

இந்த எழுத்தின் நீண்டகால விளைவு வேறு இடத்தில் தெரிகிறது. ஹல்க்கோடு சேர்ந்து டிக்ஸ் எழுதிய 'தி மேக்கிங் ஆஃப் டாக்டர் ஹூ' 1972-இல் வந்தது. தொடர் உருவாகும் விதத்தைச் சிறுவர்களுக்கு விளக்கும் அந்நூலில், டாக்டர் கொடுமைக்கும் கோழைத்தனத்துக்கும் இடம் தராதவர் என்ற இலக்கணம் வகுக்கப்பட்டிருந்தது. 41 ஆண்டுகள் கழித்து, 2013-இல் ஸ்டீவன் மொஃபட் எழுதிய பொன்விழாக் கதையில் அந்த இலக்கணமே டாக்டரின் சத்தியப் பிரமாணமாக ஒலித்தது. 2005-இல் ரஸ்ஸல் டி டேவிஸ் தொடரை மீட்டெடுத்தபோது முதல் கதையிலேயே கடைப் பொம்மைகளைக் கொண்டுவந்தார். இம்முறை திரையிலும் கண்ணாடி நொறுங்கியது. 2018-இல் அந்தக் கதையை டேவிஸே நாவலாக்கினார். அது டார்கெட் முத்திரையோடு வெளியானது. துணைப்பொருள் என்று எண்ணப்பட்டது மூலத்துக்கே ஊற்றாகிவிட்டது.

ஆகவே, எங்கள் நிலைப்பாட்டைத் திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறோம். டிக்ஸ் நல்ல எழுத்தாளர். அவசரத்தில் எழுதிய புத்தகங்கள் காலத்தைத் தாண்டி நிற்காது. அவற்றைப் பாசத்தால் தூக்கிப்பிடிக்கத் தேவையில்லை. முதல் சில ஆண்டுகளில் எழுதியவையோ எந்தச் சிறுவர் இலக்கிய வரிசையிலும் தலைநிமிர்ந்து நிற்கும். இந்த வேறுபாட்டைக் காணும் பொறுமை ரசிகர்களுக்கு இருந்தது. அவர்கள் புத்தகம் புத்தகமாக, பதிப்பு பதிப்பாகப் படித்துச் சண்டையிட்டார்கள். இலக்கிய உலகமோ அட்டையில் தொடரின் பெயரைக் கண்டவுடனேயே புத்தகத்தை மூடிவிட்டது. அவர் காலத்தில் அவரைப் படித்து மதிப்பிட்ட ஒரே விமர்சகக் கூட்டம் அவர் ரசிகர்கள்தான். அவரைக் குறை சொன்ன ரசிகனும் அந்த மரியாதையைச் செய்தவனே.

தொடரையோ திரைப்படத்தையோ ஒட்டி எழுதும் ஒவ்வொருவருக்கும் இந்த மரியாதை வேண்டும். உலகம் இன்னொருவருடையது, கெடு பதிப்பாளருடையது, பக்க எண்ணிக்கையும் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டது. இத்தனை கட்டுகளுக்குள் எழுதப்படும் வாக்கியம் மட்டும் எழுதுபவருக்குச் சொந்தம். அந்த வாக்கியத்தைப் படித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். அட்டையைப் பார்த்துச் சொல்லாதீர்கள்.