தொட்டிலுக்கு முன் கார்: யாருடைய காசில்?



கொஞ்சம் நீளமான பதிவு. புதுமாப்பிள்ளைகளும், மாப்பிள்ளை எடுத்த வாப்பாமாரும் கடைசி வரை வாசியுங்கள். கோபம் வந்தால் கீழே வந்து ஏசுங்கள், பரவாயில்லை.

எங்கள் வீட்டில் இது ஏழாம் மாதம். அல்ஹம்துலில்லாஹ், முதல் பிள்ளை. செய்தி வெளியில் தெரிந்த நாளிலிருந்து ஒரே கேள்விதான். "அப்ப கார் ஒண்டு எடுக்கல்லயா?" கல்யாண வீட்டில் கேட்டார்கள், ஜும்ஆ முடிந்து செருப்புப் போடும்போது கேட்டார்கள், பாடசாலை ஓய்வறையிலும் கேட்டார்கள். கிளினிக் ஒழுங்காகப் போகிறாவா, இரத்தம் போதுமா என்று கேட்டவர்களை ஒரு கையில் எண்ணலாம்.

போன மாதம் மாமா வந்தார். தேத்தண்ணி குடித்து முடியும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "மகன், வயலை ஈடு வைக்கலாம் எண்டு பாக்கிறன். பிள்ளை வரக்குள்ள வாசலில ஒரு வாகனம் நிக்கோணும். ஊர் என்ன சொல்லும்?"

நாங்கள் கேட்கவில்லை. ஊர் கேட்டது. ஏற்கெனவே வீடு கட்டிக் கொடுத்த மனிதர் அவர். சீதனம் வேண்டாம் என்று மேடையில் பேசுகிறோம், மஹர் கொடுத்துத்தான் முடித்தோம் என்று பெருமைப்படுகிறோம். பிறகு முதல் பிள்ளையின் பெயரைச் சொல்லி மிச்சத்தை வாங்கிக்கொள்கிறோம். "நாங்க கேக்கல்ல, அவங்களாத் தந்தாங்க" என்ற வசனத்துக்குள் எத்தனை வயல்கள் போயிருக்கின்றன! ஊர் வாய்க்குப் பயந்து கொடுப்பதை எப்படி அன்பளிப்பு என்று சொல்வது? நாங்கள் மாமாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அவர் வீட்டுக்குப் போகும்போது முகத்தில் தெரிந்த ஆறுதலை நாங்கள் மறக்க மாட்டோம்.

மாமா இல்லாவிட்டால் அடுத்த வழி லீசிங். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. அதற்குள் பழைய வேகன்ஆர் கூட வாங்கிய விலையை விட இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதியது நம் கைக்கு எட்டாது. சரி, கணக்குப் பார்ப்போம். 30 இலட்சம் லீசிங், ஐந்து வருடம், வருடத்துக்கு 14 வீதம் என்று வைத்துக்கொண்டால், மாதம் ஏறக்குறைய 70,000 ரூபாய். கட்டி முடிக்கும்போது 42 இலட்சம். ஆசிரியர் ஒருவரின் கைக்கு வரும் சம்பளம் ஏறக்குறைய முழுவதும் அதற்கே போகும். பால்மாவுக்கு எது? மருந்துக்கு எது? வட்டி ஹராம் என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு, 12 இலட்சம் மேலதிகமாகக் கட்டும் காரில் அந்தப் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வருவதா?

இவ்வளவு பாடுபட்டு எடுத்த காரில் பிள்ளையை எங்கே வைக்கிறோம்? முன் சீட்டில், உம்மாவின் மடியில்! இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தோம்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரை அந்த ஏ4 வீதியில் ஒரு நாள் நின்று பாருங்கள். மாடு குறுக்கே வரும், ஆட்டோ சட்டென்று திரும்பும், பஸ் பிரேக் போடும். 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதி நின்றால், மூன்றரைக் கிலோ பிள்ளையின் மேல் வரும் விசை ஏறக்குறைய 100 கிலோ பாரத்துக்குச் சமம். இரண்டு சீமெந்து மூடை. எந்த உம்மாவாலும் அதைக் கையில் பிடிக்க முடியாது. பாசத்தில் குறை இல்லை, கையில்தான் அந்தப் பலம் இல்லை. முன் சீட்டில் எயார்பேக் வெடித்தால் இன்னும் ஆபத்து. பிள்ளை ஆசனத்தை ஒழுங்காகப் பாவித்தால் குழந்தை மரணங்கள் பாதிக்கு மேல் குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

"அல்லாஹ் பாதுகாப்பான்" என்று சொல்வார்கள். நிச்சயமாக. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

ஆகவே கார் எடுக்க வசதி இருப்பவர்கள் நிறத்தையும் அலோய் வீலையும் பார்க்கும் முன் இவற்றைப் பாருங்கள்:

1. பின் சீட் பட்டிகள் எல்லாம் இழுபட்டுப் பூட்டுகின்றனவா? பின்னால் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருந்தால் இன்னும் நல்லது.

2. சாவி போட்டதும் எயார்பேக் லைட் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ எதையோ மறைத்திருக்கிறார்கள்.

3. பிள்ளை ஆசனத்தைக் கையோடு கொண்டுபோய்ப் பின் சீட்டில், பின்புறம் பார்க்க வைத்துப் பாருங்கள். சின்னக் கார்களில் முன்னால் இருப்பவருக்கு முழங்கால் மடக்க இடம் இருக்காது. காசு கொடுத்த பிறகு இதைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

4. கதவு அகலமாகத் திறக்குமா? சத்திரசிகிச்சை செய்த தாய் குனிந்து ஏற வேண்டும் என்பதை நினையுங்கள்.

5. மாரியில் நம் ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்கும். மிகத் தாழ்ந்த கார் சரிவராது. ஏசி உண்மையாகவே வேலை செய்கிறதா என்று மத்தியான வெயிலில் பாருங்கள்.

6. காப்புறுதி, வாகன வரிப்பத்திரம், புகைப் பரிசோதனை, டயர், ஹைபிரிட் என்றால் பற்றரி. எல்லாம் கூட்டிவிட்டு விலை பேசுங்கள்.

கார் எடுக்க வசதி இல்லாதவர்கள் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. கிளினிக்குக்கு ஆட்டோ இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வர ஒரு நாள் வாடகைக்குக் கார் பிடிக்கலாம், பிள்ளை ஆசனத்தோடு. பச்சைப் பிள்ளையை பைக்கில் நடுவில் வைத்து நெரித்துக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.

நாங்கள் என்ன செய்தோம்? சேர்த்த காசுக்குள், நகை ஒன்றை விற்று, பத்து வருடம் ஓடிய சின்னக் கார் ஒன்றை எடுத்தோம். கதவில் கீறல் இருக்கிறது. "இதையா எடுத்தீங்க?" என்று சிரித்தார்கள். பின் சீட்டில் பிள்ளை ஆசனம் இப்போதே பூட்டியிருக்கிறது. வயல் மாமாவின் பெயரிலேயே இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். பச்சைப் பிள்ளைக்கான ஆசனம் ஒரு வருடத்தில் சின்னதாகிவிடும். பிள்ளை பார்க்க வரும் பத்துப் பேர் பத்து உடுப்புக் கொண்டுவராமல், சேர்ந்து ஒரு ஆசனம் வாங்கிக் கொடுங்கள். பள்ளிவாசல் நிருவாகங்கள் நாலைந்து வாங்கி வைத்து, தேவைப்படும் குடும்பங்களுக்கு முறையாக மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். விபத்தில் பட்டதை மட்டும் திரும்பப் பாவிக்க வேண்டாம். எங்கள் பிள்ளை வளர்ந்ததும் எங்களுடையதை முதலாவதாகத் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.

அடுத்த முறை கர்ப்பிணி இருக்கும் வீட்டில் "கார் எடுக்கல்லயா?" என்று கேட்க வாய் வந்தால், அந்த வீட்டில் ஒரு வாப்பா வயல் உறுதியைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சுகமான பிரசவத்துக்கு துஆச் செய்யுங்கள்.