பாட்டுக்கு எத்தனை மதிப்பெண்?

புதிய இசைத்தொகுப்பு ஒன்று வெளிவருகின்றது. அதனை முழுவதும் கேட்டு முடிக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேண்டும். அந்த ஒரு மணி நேரம் கழியுமுன்பே, 'மதிப்பெண் வந்துவிட்டதா?' என்று தவிக்கும் கூட்டம் ஒன்று இன்று உலகெங்கும் பெருகியுள்ளது. மேலைநாட்டில் தொடங்கிய இந்தக் காய்ச்சல், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி நம் கொல்லிமலைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. தம் மனத்துக்குகந்த பாடகியின் தொகுப்பு 90-ஐத் தாண்டிவிட்டதாக நம்மிடம் பெருமிதத்தோடு கூறிய இளைஞர் ஒருவரிடம், அதில் எந்தப் பாட்டு நெஞ்சைத் தொட்டது என்று வினவினோம். 'இனிமேல்தான் கேக்கணும், சாமி' என்றார்.

'ரசிகர்' என்னும் சொல்லுக்குச் சுவைப்பவர் என்பது பொருள். சுவைக்குமுன்பே வயிறு நிறைந்துவிட்ட இவர்களை எச்சொல்லால் அழைப்பது?

இந்த எண் எங்கே சமைக்கப்படுகின்றது என்பதை முதலில் காண்போம். அமெரிக்காவில் 2001-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மெட்டாகிரிட்டிக் என்னும் இணைய நிறுவனம், பல இதழ்களில் வரும் விமர்சனங்களைத் திரட்டுகின்றது. ஓர் இதழ் பத்துக்கு இத்தனை என்று போடும். மற்றோர் இதழ் ஐந்து விண்மீன்களில் இத்தனை என்று காட்டும். இன்னொன்று பள்ளி ஆசிரியரைப் போல எழுத்தால் தரம் பிரிக்கும். இவை யாவும் நூற்றுக்கு இத்தனை என்று மாற்றப்பட்டு, சராசரி கணிக்கப்படுகின்றது. அச்சராசரியிலும் எல்லா இதழ்களுக்கும் ஒரே எடை இல்லை. எந்த இதழுக்கு எவ்வளவு எடை என்பதை அந்நிறுவனம் வெளியிடுவதுமில்லை. பிட்ச்ஃபோர்க் என்னும் இசைப் பத்திரிகையோ பத்துக்குப் போடும் மதிப்பெண்ணை ஒரு தசம இடம்வரை துல்லியமாக்குகின்றது. 7.9 பெறும் பாட்டுக்கும் 8.0 பெறும் பாட்டுக்கும் இடையே எந்தச் சுரம் கூடிற்று, எந்தத் தாளம் தப்பிற்று என்று நமக்கு எவரேனும் விளக்குவாரா?

2020 ஜூலையில் டெய்லர் ஸ்விஃப்ட் என்னும் அமெரிக்கப் பாடகியின் 'ஃபோக்லோர்' தொகுப்பு வெளிவந்தது. பிட்ச்ஃபோர்க்கின் பெண் விமர்சகர் அதனைப் பாராட்டியே எழுதி 8.0 வழங்கினார். பத்துக்கு எட்டு! நம் மலைப்பள்ளிகளில் இப்படி வாங்கும் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். ஆனால் அந்த எட்டு, கூட்டுச் சராசரியைக் கீழே இழுத்துவிடும் என்று ரசிகருள் ஒரு சாரார் சினந்தெழுந்தனர். அவருடைய முகவரியும் தொலைபேசி எண்ணும் பொதுவெளியில் பரப்பப்பட்டன. மிரட்டல்கள் வந்து குவிந்தன. அத்தொகுப்பின் கூட்டு மதிப்பெண் இறுதியில் 88-இல் நின்றது. ஓரிரு புள்ளிகளுக்காக ஒரு மனித உயிர் அச்சத்தில் ஆழ்த்தப்பட்டது என்பதை நாம் எளிதில் கடந்துபோக இயலாது.

2024 ஏப்ரலில் அதே பாடகியின் அடுத்தொரு தொகுப்பை விமர்சித்த 'பேஸ்ட்' என்னும் இதழ், கட்டுரையாளரின் பெயரை வெளியிடவில்லை. 2019-இல் அவருடைய வேறொரு தொகுப்பை விமர்சித்தவருக்கு வன்முறை மிரட்டல்கள் வந்தமையே காரணம் என்று அறிவித்தது. அவர்களுடைய அச்சம் நமக்குப் புரிகின்றது. ஆயினும் ஒன்று கவனியுங்கள்: கட்டுரையின் தலையில் 3.6 என்ற எண் மட்டும் அப்படியே இருந்தது. எழுதியவர் பெயர் போயிற்று, மதிப்பெண் போகவில்லை. சண்டைக்கு வித்து எதுவோ அதனைக் காத்து, மனிதரை மறைத்த விந்தை இது.

இஃது அயல்நாட்டாரின் பித்து, நமக்கென்ன என்று கேட்போருக்கு நம் வீட்டுக் கதையும் உண்டு. ஆனந்த விகடன் திரைப்படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று பல்லாண்டுகள் மதிப்பெண் வழங்கியது. 1977-இல் வெளிவந்த '16 வயதினிலே' 62.5 பெற்றதை இன்றும் தேர்வு முடிவுபோல ஒப்பிப்போர் உண்டு. அவ்விமர்சனம் அப்படத்தைப் பற்றி என்ன கூறிற்று என்று கேட்டால், ஒரு வரி சொல்பவரையும் நாம் இதுவரை சந்திக்கவில்லை. எண் விமர்சனத்தைத் தின்றுவிட்டது. இப்போது பாட்டுக்கு யூடியூப் பார்வைக் கணக்கு வந்துவிட்டது. இளையராஜா பெரியவரா, ரகுமான் பெரியவரா என்று தேநீர்க் கடையில் வாதிட்ட தலைமுறையையாவது நாம் மதிக்கலாம். இன்ன பாட்டின் இன்ன வயலின் என்று காதால் கேட்டதைக் கொண்டு அவர்கள் சண்டையிட்டார்கள். இன்றைய வழக்கில் பாட்டே சாட்சியாக அழைக்கப்படுவதில்லை.

பழந்தமிழில் இதற்கு ஒரு சான்று உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எடுத்துப் பாருங்கள். ஆடலாசான் எப்படிப்பட்டவன், இசையாசிரியன் எத்தகையவன், தண்ணுமையும் குழலும் யாழும் எவ்வாறு இயைந்தன, அரங்கின் நீளம் அகலம் உயரம் எவ்வளவு என்றெல்லாம் இளங்கோவடிகள் பொறுமையாக விரிக்கின்றார். தமிழில் இதனினும் நுணுக்கமான கலை விமர்சனம் அரிது. முடிவில் அரசன் மாதவிக்குத் தலைக்கோல் பட்டத்தோடு 1008 கழஞ்சுப் பொன் பெறும் சிறப்பையும் அளிக்கின்றான். அடுத்து நடப்பதென்ன? அம்மாலை செல்வ இளைஞர் உலவும் தெருவுக்கு வருகின்றது. கூனி ஒருத்தி விலை கூறி நிற்கின்றாள். கோவலன் வாங்கிச் செல்கின்றான். அவன் மாதவியின் அரங்கேற்றத்தைக் கண்டதாக அக்காதை கூறவில்லை. 1008 என்ற எண்ணைக் கண்டான், அது போதுமானதாயிற்று. ஆடலைப் பற்றி அடிகள் விரித்துரைத்த அனைத்தும் தெருவுக்கு வந்தபோது ஒரு விலையாகச் சுருங்கிவிட்டது. கண்ணகி பட்ட துயரத்துக்கு அந்த எண்தான் காரணம் என்று நாம் வாதிடப்போவதில்லை. அது மிகைபடக் கூறலாகும். எனினும் மதிப்பெண்ணை நம்பிப் போன முதல் தமிழ் ரசிகன் கோவலனே என்று கூறின் தவறாகுமோ?

'அப்படியானால் விமர்சகரே வேண்டாமா? ஆயிரக்கணக்கில் பாட்டுகள் வந்து விழும் காலத்தில் நல்லதை எவ்வாறு இனங்காண்பது?' என்று சிலர் கேட்பர். கேட்கத்தக்க கேள்விதான். விமர்சகர் நமக்கு வேண்டும். கல்கி 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் 'ஆடல் பாடல்' எழுதினார். அக்கட்டுரைகளைப் படித்தவர் அடுத்த கச்சேரிக்குக் கூர்மையான செவியோடு போக முடிந்தது. சுப்புடுவின் நாவுக்கு அஞ்சாத வித்துவான் இல்லை என்பார்கள். அவரோடு கடுமையாக முரண்பட்டவர்களும் அவர் எழுதியதைப் படித்துவிட்டே முரண்பட்டார்கள். காரணம் கூறுபவரோடு வாதிடலாம். எண்ணோடு எவ்வாறு வாதிடுவது? அதற்கு வாயுமில்லை, செவியுமில்லை. ஆகையால்தான் எண்ணைப் பிடித்துக்கொண்டவர்கள் எழுதியவரின் வீட்டுக்குத் தொலைபேசி செய்கின்றனர் போலும்.

சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழம் வாங்க வருபவரைப் பாருங்கள். தட்டிப் பார்க்கின்றார், முகர்ந்து பார்க்கின்றார், முள்ளின் விரிவைப் பார்க்கின்றார். பக்கத்தில் நிற்கும் பெரியவர் ஒரு யோசனை கூறினால் கேட்டுக்கொள்ளவும் செய்கின்றார். ஆனால் பழத்தின்மேல் எவரோ ஒட்டிவிட்ட எண்ணை மட்டும் படித்துவிட்டு, தொடாமலேயே தலையில் சுமந்து செல்வாரோ? பழத்துக்குக் காட்டும் மரியாதையைப் பாட்டுக்குக் காட்டக் கூடாதா?

அகுஸ்தினார் தம் வாழ்வறிக்கை நூலின் 10-ஆம் பகுதியில், ஆலயத்தில் பாடல் கேட்கும்போது தம்மை உருக்குவது பாடப்படும் பொருளா, பாடும் குரலா என்று தம்மையே குடைந்து கேட்டுத் தடுமாறுகின்றார். பெரும் அறிஞர்; ஆனாலும் தீர்ப்புக் கூற அவசரப்படவில்லை. தன் நெஞ்சைத் தானே விசாரிக்கும் இந்தத் தடுமாற்றந்தான் நம் பிள்ளைகளிடமிருந்து பறிபோகின்றது. தனக்கு ஒரு பாட்டு ஏன் பிடித்திருக்கின்றது என்று இரண்டு வாக்கியம் சொல்லத் தெரியாத இளைஞன், நாளை ஒரு தலைவனை ஏன் பிடித்திருக்கின்றது என்று கேட்டாலும் ஓர் எண்ணையே காட்டுவான். கூட்டத்தின் அளவைக் காட்டுவான். வாக்கு வித்தியாசத்தைக் காட்டுவான்.

எண்கள் பாடகரைக் காக்கின்றன என்ற மயக்கமும் இருக்கின்றது. 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் 'எஞ்ஜாயி எஞ்சாமி' வெளிவந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் வாழ்விலிருந்து ஊறிய பாட்டு அது என்று அறிவு கூறியிருக்கின்றார். பார்வைகள் 40 கோடியைத் தாண்டின. அவ்வளவு எண்ணும் என்ன செய்தது? அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அப்பாட்டின் சிறப்பு பேசப்பட்டபோது அறிவின் முகம் இல்லை, இயக்குநர் பா. இரஞ்சித் கண்டித்தார், பின்னர் அறிவுக்கென்று தனி அட்டை ஒன்று வெளியாயிற்று. 2024 மார்ச்சில் அப்பாட்டால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகக் கூறினார். அந்த வழக்கின் நியாயங்களை உரியவர்கள் பேசட்டும். பார்வைக் கணக்கை நாளும் கொண்டாடிய ரசிகர்களுள் எத்தனை பேர் அந்தப் பாட்டியின் கதையைக் கேட்டார்கள் என்பதே நம் கேள்வி.

நம் மலையின் தலைவன் வல்வில் ஓரியைப் பற்றி வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கின்றார். காட்டில் வேட்டைக்கு வந்தவன் முன்னே பாணர் கூட்டம் வாத்தியங்களை இசைத்து, 21 துறைகளும் முறையோடு பாடுகின்றது. தன் பெயர் சொல்லிப் புகழ்ந்தபோது அவன் நாணுகின்றான். பின்பு சமைத்த ஊனையும் மதுவையும் மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் கொடுக்கின்றான். கேட்டான், நாணினான், கொடுத்தான். இன்னொரு மன்னன் இப்பாணருக்கு என்ன கொடுத்தான் என்று விசாரித்துவிட்டுக் கொடுத்ததாகப் பாட்டில் இல்லை. ஆண்டுதோறும் ஆடியில் செம்மேட்டில் அவன் பெயரால் அரசு விழா எடுக்கின்றது. நாமும் கூடி நிற்கின்றோம்.

பத்திரிகை நடத்தும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். இசையைப் பற்றியும் படத்தைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதுங்கள், கடிந்தும் எழுதுங்கள், பெயரோடு எழுதுங்கள். கீழே எண் போடாதீர்கள். இளையோருக்கும் ஒன்று: அடுத்த தொகுப்பு வரும் நாளில் அலைபேசியில் மதிப்பெண் பக்கத்தைத் திறக்குமுன் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை ஒருமுறை கேளுங்கள். பிறகு வாருங்கள், சண்டை போடுவோம். எந்தப் பாட்டில் எந்த வரி என்று நீங்கள் கூறுங்கள். பிடிக்காவிட்டால் ஏன் பிடிக்கவில்லை என்று நாமும் கூறுகின்றோம்.