நிழலில் நின்றவர்கள்

வரி இல்லை, குரல் இல்லை, 'லா லா லா' கூட இல்லை. அப்படியும் 1960-க்கும் 1963-க்கும் நடுவில் இங்கிலாந்தில் ஐந்து தடவை நம்பர் ஒன்! சாதித்தது 'தி ஷேடோஸ்' என்கிற நாலு பையன்கள். மூன்று கிடார், ஒரு டிரம் செட். அவ்வளவுதான் மூலதனம்.

அவர்களுடைய நிஜ உத்தியோகம் பாடகர் க்ளிஃப் ரிச்சர்டுக்குப் பின்னால் நின்று வாசிப்பது. வெளிச்சம் முன்னால் இருப்பவருக்கு, வியர்வை பின்னால் இருப்பவருக்கு. (ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.)

ஜெர்ரி லார்டன் என்பவர் ஒரு கௌபாய் படத்தின் பாதிப்பில் 'அபாச்சி' என்று ஒரு மெட்டு போட்டார். (பைக் அல்ல ஸார், பொறுங்கள்!) பெர்ட் வீடன் என்கிற பெரிய கிடார்காரர் அதை வாசித்துப் பதிவும் செய்தார். லார்டனுக்குத் திருப்தியில்லை. ஷேடோஸிடம் ஒரு குட்டி யுகுலேலேயில் வாசித்துக் காட்டினார். பசங்க கப்பென்று பிடித்துக்கொண்டார்கள்.

1960 ஜூன், லண்டன் அபே ரோடு ஸ்டூடியோ. ஹாங்க் மார்வினுக்கு வயது 18. கையில் அமெரிக்காவிலிருந்து க்ளிஃப் வரவழைத்துக் கொடுத்த ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர், கூடவே ஒரு இத்தாலிய எக்கோ மெஷின். ஒவ்வொரு ஸ்வரமும் மலையில் மோதித் திரும்பி வருகிற மாதிரி ஒரு சத்தம். டிரம்மர் டோனி மீஹனுக்கு 17 தான். ஆரம்பத்திலும் முடிவிலும் 'தும் தும்' என்று ஒரு சீன டிரம் கேட்கும். அதை அடித்தது யார் தெரியுமோ? சாட்சாத் க்ளிஃப் ரிச்சர்ட்!

அந்த ஆகஸ்டில் 'அபாச்சி' நம்பர் ஒன் ஆனது. அதுவரை அந்த நாற்காலியில் இருந்த பாட்டு? க்ளிஃப் ரிச்சர்டுடையது. தன் சீட்டைக் காலி பண்ணிய ரெக்கார்டுக்குத் தானே மேளம் அடித்த முதலாளி, சரித்திரத்தில் அநேகமாக இவர் ஒருத்தர்தான்.

கதை இதோடு முடியவில்லை. அமெரிக்காவில் அதே மெட்டை வாசித்து இரண்டாம் இடம் வரை போனவர் யோர்கன் இங்மன் என்ற டென்மார்க்காரர். 1973-ல் 'இன்கிரெடிபிள் பாங்கோ பேண்ட்' மறுபடி வாசித்தது. நடுவில் கிடாரை நிறுத்திவிட்டு வெறும் டிரம்மும் பாங்கோவும். நியூயார்க் பிராங்க்ஸில் கூல் ஹெர்க் என்ற டி.ஜே. அந்தத் துண்டை மட்டும் இரண்டு ரெக்கார்டில் மாற்றி மாற்றி ஓடவிட, ஜனங்கள் ஆட, ஹிப்-ஹாப்புக்கு அஸ்திவாரங்களில் ஒன்றானது அது. அதிலிருந்து துண்டு வெட்டிப் பாட்டுப் பண்ணினவர்களுக்குக் கணக்கே இல்லை. அங்கே டிரம்மும் பாங்கோவும் அடித்த ஜிம் கார்டன், கிங் எரிசன் பெயர்கள் ஆடினவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? நிழலுக்கும் நிழல் உண்டு.

மீஹன் 2005-லும், பேஸ் வாசித்த ஜெட் ஹாரிஸ் 2011-லும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ரெக்கார்டில் அவர்களுக்கு இன்னும் 17, 20 வயதுதான். இன்று ராத்திரி 'அபாச்சி'யையும் 'ஒண்டர்ஃபுல் லேண்ட்'டையும் தேடிக் கேளுங்கள். முதல் தடவை ஹாங்க் மார்வினைக் கேளுங்கள், தப்பில்லை. இரண்டாம் தடவை அவருக்குப் பின்னால் விடாமல் தாளம் பிடிக்கும் ப்ரூஸ் வெல்ச்சை மட்டும் கேளுங்கள்.

ஆபீஸில் அடுத்த சீட்டுக்காரரைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பீர்கள்.