மிருகக்காட்சிசாலை வெறும் வேடிக்கைக்கா?

பத்தாம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு

தூத்துக்குடியை முத்துநகர் என்று சொல்வதில் நமக்கெல்லாம் ஒரு பெருமிதம் உண்டு. இங்கிருந்து சென்னை செல்லும் இரயிலுக்கும் அப்பெயரே சூட்டப்பட்டுள்ளது. ஆனால் நம் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ஆம் ஆண்டில் என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? தோலாயிரம் பார் முதலிய பெயர்கள் இருக்கின்றன, குளிப்பு இல்லை. நம் தலைமுறைக்கு முத்துக்குளித்தல் என்பது பாடப்புத்தகத்தில் படிக்கும் செய்தியாகிவிட்டது.

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. 1973-இல் நமதூரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினர். 1981-இல் அதனினும் அரிய செயலைச் செய்தனர். தொட்டியிலேயே முத்துச்சிப்பிகளை இனப்பெருக்கம் செய்யவைத்துக் குஞ்சுச் சிப்பிகளைப் பெற்றனர். தாய்ச்சிப்பிகள் கையில் இருந்தமையால்தானே இது கைகூடிற்று? அடியோடு அழிந்திருந்தால் எந்த விஞ்ஞானியால் என்ன செய்திருக்க முடியும்?

பஞ்ச காலத்திலும் விதைக்கோட்டையை அவிழ்க்கலாகாது என்று கிராமத்துப் பாட்டிமார் சொல்வார்கள். நல்ல மிருகக்காட்சிசாலையும் ஒரு விதைக்கோட்டையே என்பது எங்கள் கருத்து. “வண்டலூர் போனோம், புலி பார்த்தோம், ஐஸ்கிரீம் தின்றோம்” என்று சுற்றுலாக் கட்டுரை எழுதிவிட்டு அதை மறந்துவிடுகிறோம்.

கரியால் என்ற நீள்மூக்கு முதலையின் வரலாற்றைப் பாருங்கள். வட இந்திய ஆறுகளில் வாழ்வது, மீனை உண்பது. ஆண் முதலையின் மூக்கு நுனியில் பானை கவிழ்த்தாற்போல் ஒரு புடைப்பு இருக்கும். அதனால் வந்த பெயர்தான் கரியால். 1970-களில் இந்தியாவில் இவ்வினம் இருநூறுக்கும் குறைவாகவே எஞ்சியிருந்ததாகக் கணக்கிட்டனர். 1975-இல் மத்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஒடிசா மாநிலத்து நந்தன்கானன் மிருகக்காட்சிசாலையில் பெண் கரியால்கள் இருந்தன. பருவம் எய்திய ஆண் இல்லை. எங்கே தேடுவது? ஜெர்மனி நாட்டில், பிராங்க்பர்ட் மிருகக்காட்சிசாலையில் ஓர் ஆண் இருந்தது! கங்கைக்கரைப் பிராணிக்கு மாப்பிள்ளை சீமையிலிருந்து வந்தான். 1980-இல், உலகிலேயே முதன்முறையாக, மனிதர் பராமரிப்பில் கரியால் குஞ்சு பொரித்தது. அங்கு வளர்ந்தவை பின்னாளில் மகாநதியில் விடப்பட்டன. 2021-ஆம் ஆண்டு மகாநதிக் கரை மணலில், நாற்பது ஆண்டுகளுக்குப் பின், கரியால் குஞ்சுகள் இயற்கையாகவே வெளிவந்தன. பிராங்க்பர்ட்டில் டிக்கெட் வாங்கி அந்த முதலையைப் பார்த்துச் சென்ற ஜெர்மானியச் சிறுவர்கள், தாங்கள் கொடுத்த காசு மகாநதிக்கு உதவும் என்று எண்ணியிருப்பார்களா?

வாயற்ற ஜீவன்களை அடைத்துவைத்துக் காசு வாங்குவது பாவமன்றோ என்று கேட்போரும் உளர். அவர்கள் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. 1855-இல் தோன்றிய சென்னை மிருகக்காட்சிசாலை நெடுங்காலம் நகரத்து நெரிசலின் நடுவே இடமின்றித் தவித்தது. 1985-இல்தான் வண்டலூரில், 500 ஹெக்டேருக்கும் மேற்பட்ட காட்டுப் பரப்பில் அது திறக்கப்பட்டது. கம்பிக்கூண்டுகளுக்குப் பதிலாக அகழிகள் வந்தன. 1992 முதல் மிருகக்காட்சிசாலைகளைக் கண்காணிக்க மைய ஆணையமும் இருக்கிறது. கூண்டில் வதைப்பவரைக் கண்டிப்போம். அதற்காக நல்லவற்றையும் பட்டினி போடலாமா?

பட்டினி என்பது வெறும் பேச்சன்று. மாமல்லபுரம் சாலையில், வடநெம்மேலியில், ராமுலஸ் விட்டேக்கர் முதலானோர் 1976-இல் நிறுவிய முதலைப் பண்ணை, நூற்றுக்கணக்கான முதலைகளை வளர்த்துப் பல மாநிலச் சரணாலயங்களுக்கு அளித்தது. அதன் வருவாயில் பெரும்பங்கு பார்வையாளர் கட்டணமே. 2020 மார்ச்சில் கொரோனாவினால் அதன் வாயில் மூடப்பட்டது. கோடை விடுமுறைக் கூட்டம் வரவில்லை. முதலைகளின் வயிறோ மூடவில்லை! பொதுமக்களிடம் நிதி கேட்டே காலம் தள்ள நேர்ந்தது. வளர்த்த முதலைகளை விடுவதற்குப் போதிய ஆறு குளங்கள் இல்லை என்ற கவலையும் அதற்கு முன்பே வந்துவிட்டது. விதை இருந்தும் வயல் இல்லாவிடில் என் செய்வது? ஆகவே ஆறுகளைக் காப்பதும் இப்பணியின் பகுதியே.

வண்டலூரில் ஒரு பிராணியைத் தத்தெடுத்து, அதன் தீனிச் செலவை நாமே ஏற்கும் திட்டம் உண்டு. புலிக்கும் யானைக்கும் ஆகும் செலவைக் கேட்டால் பெற்றோர் மயங்கிவிழக்கூடும். பறவைக்கு அவ்வளவு ஆகாது. பிறந்தநாள் மிட்டாய்க்காகத் தரும் பணத்தில் ஒரு பகுதியைச் சேர்ப்பதற்கு வகுப்பில் ஓர் உண்டியல் வைக்கத் தலைமையாசிரியை சிஸ்டர் அவர்கள் அனுமதி தர வேண்டும் என்று நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். எந்தப் பறவை என்பதில் மட்டும் எங்கள் வகுப்பில் இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.